காலையில் ஸ்டார்ட் ஆகிற வண்டி மத்தியானம் ஏன் நின்றுவிடுகிறது?

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், வண்டியின் கம்பெனி எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடையது 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார். சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்கிற வண்டி, கையால் கியர் மாற்றுவது. அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், மதுரையில் டயாலிசிஸ். போக ஏறக்குறைய 40 கி.மீ. காலையில் வீட்டில் ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆகிறது. மருத்துவமனை வாசலில் நான்கு மணி நேரம் நின்ற பிறகும் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் திரும்பும் வழியில் காளவாசலில் மாத்திரை வாங்கவோ, செக்கானூரணியில் அப்பாவுக்கு இட்லி வாங்கவோ கால் மணி நேரம் நிறுத்தினால், சில நாள் ஸ்டார்ட் ஆவதில்லை. எல்லா நாளும் இல்லை, சில நாள்தான். "டக்" என்று ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

தை மாதம் தொடங்கிய தொந்தரவு. முதலில் பேட்டரியை மாற்றினார்கள், 5,200 ரூபாய். பன்னிரண்டு நாள் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. அடுத்து இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினார்கள், 3,800 ரூபாய். ஒன்பது நாள் ஓடியது. அப்புறம் ஸ்பார்க் பிளக்கும் பெட்ரோல் பில்டரும் மாற்றினார்கள், 2,400 ரூபாய். அந்த வாரமே நின்றுவிட்டது. இப்போது ஒர்க்‌ஷாப்பில் "இ.சி.எம் போயிருக்கும், பழசு ஒன்று 22 ஆயிரத்துக்குக் கிடைக்கும்" என்கிறார்களாம். இ.சி.எம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி.

கேள்விகள் மூன்று. இ.சி.எம் மாற்றலாமா? வண்டியை விற்றுவிடலாமா? என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றுகிறது, கொடுத்த 11,400 ரூபாயைத் திரும்பக் கேட்க வழி உண்டா?

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "போன வெள்ளிக்கிழமை அப்பா பின் சீட்டில் படுத்திருந்தார். வெயில். அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. டீக்கடையில் இருந்த இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள், இரண்டாவது கியரில் உடனே பிடித்துக்கொண்டது. வீடு வரைக்கும் நான் அழுதுகொண்டே ஓட்டினேன் அண்ணா."

டீச்சர், வணக்கம். மதுரை பழங்காநத்தத்தில் 26 வருடமாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். "சில நேரம் ஸ்டார்ட் ஆகுது, சில நேரம் ஆகலை" என்று வருகிற வண்டிதான் எங்கள் தொழிலில் ஆகச் சிரமமானது. முழுவதும் கெட்டுப்போன வண்டியை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இது அப்படி இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எங்கே தேட வேண்டும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். இ.சி.எம் மாற்றாதீர்கள். இப்போதைக்கு அதற்கு ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தள்ளினால் பிடிக்கிறது என்பதன் பொருள்

"ஸ்டார்ட் ஆகலை" என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, செல்ப் அடிப்பதே இல்லை, இன்ஜின் சுற்றவே இல்லை. இன்னொன்று, செல்ப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. இரண்டுக்கும் தேட வேண்டிய இடங்கள் வேறு வேறு. முதலாவது பேட்டரி, ஒயர், சாவி சுவிட்ச், ரிலே (மின்சாரத்தால் இயங்குகிற சின்ன சுவிட்ச்), செல்ப் மோட்டார் என்று போகும். இரண்டாவது பெட்ரோல் பம்ப், பிளக், இன்ஜின் சுற்றுவதை உணர்கிற கிராங்க் சென்சார், இ.சி.எம் என்று போகும்.

உங்கள் வண்டியில் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது, இன்ஜின் சுற்றவில்லை. ஆக இது முதல் வகை. அதை உறுதி செய்வது அந்த டீக்கடைக்காரர்கள் செய்த உதவி. தள்ளியதும் இரண்டாவது கியரில் உடனே பிடித்தது என்றால், பெட்ரோல் வந்திருக்கிறது, பிளக் பொறி அடித்திருக்கிறது, கிராங்க் சென்சார் சிக்னல் கொடுத்திருக்கிறது, இ.சி.எம் தன் வேலையைச் செய்திருக்கிறது. இவை அத்தனையும் சரியாக இருந்தால்தான் இன்ஜின் பிடிக்கும். பிடிக்காமல் போனது இன்ஜினைச் சுற்றிவிடுகிற பகுதி மட்டும்தான். உங்கள் காலத்து சாவி வண்டிகளில் பெரும்பாலும் செல்ப்புக்கான மின்சாரம் சாவி சுவிட்ச், ரிலே வழியாகப் போகும். இ.சி.எம் வழியாக செல்ப் ரிலேவை இயக்குகிற மாடல்களும் உண்டு. ஆனால் அதிலும் இ.சி.எம் மறுத்தால் "டக்" சத்தமே வராது. அந்தச் சத்தம் செல்ப் மோட்டார் மேலிருக்கிற சொலினாய்டு என்ற காந்த சுவிட்ச் இழுக்கிற சத்தம். கட்டளை போய்ச் சேர்ந்துவிட்டது, மோட்டாரைச் சுற்றுகிற பெரிய கரண்டுதான் போகவில்லை.

பழைய இ.சி.எம் வாங்குவதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. திருட்டுத் தடுப்புக்கு உள்ள இம்மொபிலைசரோடு அது சேராவிட்டால், இப்போது காலையிலாவது ஸ்டார்ட் ஆகிற வண்டி எப்போதுமே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். எலக்ட்ரிக்கல் பொருளைப் பிரித்து மாட்டிய பிறகு எந்தக் கடையிலும் திரும்ப எடுத்துக்கொள்வது அரிது.

மாற்றிய பொருள் எதுவும் சரிசெய்யவில்லை, கழற்றி மாட்டியது சரிசெய்தது

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்த நாள் கணக்கு. பேட்டரி மாற்றியதும் பன்னிரண்டு நாள் நன்றாக ஓடியது. செல்ப் கழற்றி மாட்டியதும் ஒன்பது நாள். பிளக் மாற்றியபோது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேட்டரி மாற்றும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டியே ஆக வேண்டும். செல்ப் கழற்றும்போதும் அதே, கூடவே மெயின் ஒயரையும் கழற்ற வேண்டும். பிளக் மாற்ற இது எதையும் தொட வேண்டியதில்லை.

ஒயரை அசைத்த ஒவ்வொரு தடவையும் சில நாள் சரியானது. ஒயரை அசைக்காதபோது சரியாகவில்லை. எங்கோ ஒரு இணைப்பு பாதி விட்டுப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அசைத்ததும் கொஞ்சம் சுரண்டுபட்டுச் சேர்கிறது, பத்து நாளில் மறுபடி விட்டுப்போகிறது. என் கணிப்பு பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகிற எர்த் ஒயர் மேல்தான் முதலில் போகிறது. அடுத்து பேட்டரியிலிருந்து செல்ப்புக்குப் போகிற தடிமனான மெயின் ஒயர். மூன்றாவது சொலினாய்டுக்குள் இருக்கிற செம்புத் தொடர்பு முனைகள். உங்கள் பில்லில் பிரஷ், புஷ் என்றுதான் இருக்கிறது, சொலினாய்டு மாற்றியதாக இல்லை. அதனால் அதையும் விட்டுவிட முடியாது.

கண்ணால் பார்த்து எவருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். சில வருடம் முன்பு வாடிப்பட்டியிலிருந்து இதே மாதிரி ஒரு வண்டி என்னிடம் வந்தது. ஒயர் புதுசு மாதிரி இருந்தது. மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. மனம் கேட்காமல், ஒயர் முனையில் லக் என்கிற உலோக வளையம் மாட்டியிருக்கிற இடத்தில் மேலிருந்த கறுப்பு உறையைப் பிளேடால் கீறி உரித்தேன். உள்ளே பச்சையும் வெள்ளையுமாகப் பொடி உதிர்ந்தது. லக்கை விரலால் லேசாக மடக்கியதும் செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தன. கடைசியில் ஏழெட்டு இழைகள்தான் பிடித்திருந்தன. அந்த ஏழெட்டு இழைகளில் ஹெட்லைட் எரியும், ஹாரன் அடிக்கும், மீட்டரும் நல்ல எண்ணைக் காட்டும். செல்ப்பை மட்டும் சுற்ற முடியாது.

கணக்கைப் பாருங்கள். சின்ன பெட்ரோல் இன்ஜினைச் சுற்ற செல்ப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும். வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 150-ஐ 0.02-ஆல் பெருக்கினால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 0.02 ஓம் என்பதைச் சாதாரண மல்டிமீட்டரால் நம்பகமாக அளக்க முடியாது. அதனால்தான் ஒயர் நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது. சுமை ஏறும்போது மட்டுமே இந்தக் கோளாறு வெளியே வரும்.

வெயிலில் மட்டும் ஏன்?

"புது பேட்டரி வெயில் தாங்கவில்லையோ" என்று கேட்டிருந்தீர்கள். பேட்டரிக்கு வெயில் ஆகாது என்பது உண்மை, ஆயுள் குறையும். ஆனால் கெட்ட பேட்டரி காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் பெரும்பாலும் தொந்தரவு செய்யும். உங்களுக்குக் காலையில் பிரச்சினை இல்லை. போதாததற்கு, "டக்" என்ற நேரத்தில் ஹெட்லைட் மங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பேட்டரி இறங்கியிருந்தால் விளக்கு மங்கும், ஒரு "டக்" இல்லாமல் "டிக் டிக் டிக்" என்று அடுத்தடுத்துக் கேட்கும். விளக்கு மங்காமல் ஒரே ஒரு "டக்" என்றால், பேட்டரியில் சக்தி இருக்கிறது, அது செல்ப் வரை போகவில்லை.

வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் குளிர ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறோம். பானட்டுக்குள் நடப்பது வேறு. ஓடும்போது காற்று உள்ளே புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். நிறுத்தியதும் காற்று நின்றுவிடும், ரேடியேட்டர் தண்ணீரும் சுற்றாது. இன்ஜினுக்குள் இருந்த சூடு மெதுவாக வெளியே வந்து சுற்றியிருக்கிற ஒயர், செல்ப் மோட்டார் எல்லாவற்றிலும் ஏறும். நிறுத்திய பிறகு வருகிற கால் மணி, அரை மணி நேரம்தான் அவை ஆகச் சூடாக இருக்கிற நேரம். நீங்கள் இட்லி வாங்கிவிட்டு வருகிற நேரமும் அதுதான். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு கூடிவிடும். நல்ல இணைப்பு இதைத் தாங்கும். ஏற்கெனவே தளர்ந்த இணைப்பு சூட்டில் விரிந்து விட்டுக்கொடுக்கும்.

மருத்துவமனை வாசலில் நான்கு மணி நேரம் நின்றால் எல்லாம் ஆறிவிடுகிறது, ஸ்டார்ட் ஆகிறது. சித்திரை, வைகாசியில் உங்கள் தொந்தரவு கூடியதற்கும் காரணம் இதுவே.

வண்டி நின்றுபோகும் அந்த நேரத்தில்

இந்த மாதிரிக் கோளாறை, அது இருக்கிற நேரத்தில்தான் பிடிக்க முடியும். ஒர்க்‌ஷாப்புக்கு வண்டி வந்து, அவர்கள் மற்ற வண்டிகளை முடித்துவிட்டு உங்கள் பானட்டைத் திறக்கும்போது இன்ஜின் ஆறியிருக்கும், ஒரே திருகலில் ஸ்டார்ட் ஆகும். அவர்களும் என்னதான் செய்வார்கள்? அதனால் முதல் சோதனையைச் சாலையில் நீங்களே செய்ய வேண்டும். பயப்படாதீர்கள், இரண்டு நிமிட வேலை.

ஒரு ஜம்பர் கேபிள் (இரு முனையிலும் கிளிப் உள்ள தடித்த ஒயர் ஜோடி) வாங்கி வண்டியில் வையுங்கள். அதில் கறுப்பு ஒயர் மட்டும் போதும், சிவப்பைத் தொடவே வேண்டாம். அடுத்த தடவை "டக்" என்று நின்றால், பதறாமல் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். சாவியை ஆப் செய்யுங்கள். கையில் உலோக வளையல், மோதிரம் இருந்தால் கழற்றிவிடுங்கள், தாலிச் செயின் நீளமாக இருந்தால் ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கறுப்பு ஒயரின் ஒரு கிளிப்பை பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டுங்கள். இன்னொரு கிளிப்பை இன்ஜின் மேல் பெயின்ட் இல்லாத வெறும் இரும்பில் மாட்டுங்கள். இன்ஜினைத் தூக்குவதற்காக ஒரு கொக்கி மாதிரி வளையம் இருக்கும், அது நல்ல இடம். பெல்ட், பேன் பக்கம் ஒயர் தொங்கக் கூடாது. இப்போது சாவியைத் திருகுங்கள்.

செல்ப் சுற்றினால் பெரும்பாலும் எர்த் ஒயர்தான் குற்றவாளி. அப்படியே வண்டியை ஓடவிட்டு, கிளிப்புகளைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

சுற்றவில்லை என்றால் எர்த் ஒயர் நல்லது, அடுத்து மெயின் ஒயரையும் சொலினாய்டையும் பார்க்க வேண்டும். அதை நீங்கள் செய்ய வேண்டாம், மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு. எர்த் விட்டுப்போன வண்டியில் செல்ப்பின் கரண்ட் வேறு வழி தேடிக் கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். சில தடவை திருகிய பிறகு அந்தக் கேபிள்கள் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நோட்டில் நான்கே விஷயம் எழுதுங்கள்: எத்தனை கி.மீ. ஓட்டிய பிறகு, எத்தனை நிமிடம் நின்ற பிறகு, என்ன சத்தம், விளக்கு மங்கியதா. பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதுகிற கை உங்களுடையது, இது உங்களுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த நோட்டு எந்த ஸ்கேனரும் சொல்லாததைச் சொல்லும். இ.சி.எம் பதிந்து வைத்த சென்சார் கோளாறுகளைத்தான் ஸ்கேனர் படித்துக் காட்டும். எர்த் ஒயர் தளர்ந்தது அதில் பதியாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னபடி செல்ப் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாலையில் யாராவது உதவிக்கு வந்து ஸ்பேனரால் செல்ப்பின் இரண்டு முனையைச் சேர்த்து "நேரடியாக அடிக்கிறேன்" என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும், முன்னால் நிற்பவர் கால் போய்விடும். இதில் அடிபட்டு வந்த பையன்களை நான் பார்த்திருக்கிறேன். தள்ளி ஸ்டார்ட் செய்வது தவறில்லை, ஆனால் இன்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகக் கனக்கும் என்பதை நினைவில் வைத்து, சமதளத்தில் மட்டும் தள்ளச் சொல்லுங்கள். தேனி ரோட்டின் ஓரத்தில், லாரிகள் போகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்

"எது போயிருக்கும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஒரு பொருளின் பெயர்தான் பதிலாக வரும். "செல்ப் அடிக்கும்போது வோல்டேஜ் டிராப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வழியில் எத்தனை வோல்ட் வீணாகிறது என்பதுதான் வோல்டேஜ் டிராப். விவரம் தெரிந்த எலக்ட்ரீசியனுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவில் மீட்டரை வைத்து, செல்ப் அடிக்கும்போது பார்க்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. பேட்டரி பிளஸ் முனைக்கும் செல்ப்பின் மெயின் முனைக்கும் நடுவில் அதே மாதிரி பார்த்தால் 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வழியில்தான் கோளாறு. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் சரியாக ஏறுகிறது. இந்த ஐந்து எண்களையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். முக்கியமாக, இன்ஜின் சூடாக இருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை இருபது கி.மீ. ஓட்டிக்கொண்டு போய், நிறுத்தி, பானட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் காத்திருந்து, அதற்குப் பிறகு. முன்கூட்டியே போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டு போனால் அவர்களுக்கும் வசதி.

எர்த் ஒயரோ மெயின் ஒயரோதான் என்று தெரிந்தால், டெர்மினலைச் சுரண்டி கிரீஸ் தடவி அனுப்புவதற்குச் சம்மதிக்காதீர்கள். அதுதான் இரண்டு தடவை நடந்துவிட்டதே. ஒயரை லக்கோடு முழுதாக மாற்றச் சொல்லுங்கள். பாடியில் அது மாட்டுகிற இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி வெறும் இரும்பாக்கி முடுக்க வேண்டும். என் அனுபவத்தில் இது இரண்டாயிரத்துக்குள் முடிகிற வேலை. சொலினாய்டு என்றாலும் 22 ஆயிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

வண்டியை விற்பது பற்றி இந்தச் சோதனை முடியும் வரை யோசிக்காதீர்கள். இப்போது விற்றால் "ஸ்டார்டிங் தொந்தரவு" என்ற ஒரு சொல்லுக்காகப் பல ஆயிரத்தைக் குறைப்பார்கள். சொல்லாமல் விற்க உங்களுக்கு மனம் வராது, விற்கவும் கூடாது. வாங்குகிற வீட்டிலும் ஒரு அப்பா இருக்கலாம்.

கொடுத்த 11,400 ரூபாய்

ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். பேட்டரி மாற்றியதும் பன்னிரண்டு நாள் ஓடியதால் அவர்களும் சரியாகிவிட்டது என்றே நம்பியிருப்பார்கள். அளந்து பார்க்காமல் பொருளை மாற்றியது தவறு. அது மோசடியா என்றால், இந்தக் கடிதத்தை வைத்து என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆனால் உங்களுக்கு உரிமை இல்லை என்று அர்த்தம் இல்லை. பணம் வாங்கிச் செய்த சேவையில் குறை இருந்தால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். எதற்கும் பில் வேண்டும். நீங்கள் இரண்டு வேலைக்குத்தான் பில் வைத்திருக்கிறீர்கள், பிளக் வேலைக்குத் துண்டுச்சீட்டுதான். இப்போதே போய்த் தேதியோடு பில் கேட்டு வாங்குங்கள். பேட்டரி வாரண்டி கார்டில் கடை முத்திரையும் விற்ற தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் வழக்குக்கு முன்னால் வேறொன்று செய்வேன். எர்த் ஒயர்தான் என்று நிரூபணமானதும், அந்தப் பழைய ஒயரையும் ஐந்து எண்கள் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு அதே ஒர்க்‌ஷாப் முதலாளியிடம் போவேன். "பேட்டரியை நான் வைத்துக்கொள்கிறேன், அது எப்படியும் வேண்டியதுதான். செல்ப்புக்கும் பிளக்குக்கும் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்பேன். பொருளுக்கான பணத்தைக் கேட்பதைவிடக் கூலியைக் கேட்பது நியாயமாக இருக்கும், கிடைக்கவும் வாய்ப்பு அதிகம். முகத்தில் அடித்தாற்போல மறுத்தால் அப்போது ஆணையம் இருக்கிறது.

அதுவரை அப்பாவை எப்படி அழைத்துப் போவது?

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால் எனக்கு வண்டியைவிட இதுதான் கவலையாக இருக்கிறது. டயாலிசிஸ் முடிந்தவர் ஏற்கெனவே களைத்திருப்பார், சிலருக்கு ரத்த அழுத்தமும் இறங்கும். மூடிய காரில், வெயிலில், பத்து நிமிடம்கூட அவரை வைத்திருக்கக் கூடாது. அதனால் இந்தக் கோளாறு தீரும் வரை திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தாதீர்கள். மாத்திரையை, அவருக்கு டயாலிசிஸ் நடக்கிற நேரத்திலேயே நடந்து போய் வாங்கிவிடுங்கள். இட்லியை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் ஓட்டத் தெரிந்த ஒருவர் உள்ளே இருக்க, இன்ஜினையும் ஏசியையும் ஓடவிடுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து, வழியில் நின்றால் உதவிக்கு வருகிற ரோடுசைடு அசிஸ்டன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எண்ணைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். நாகமலைப் புதுக்கோட்டையிலும் செக்கானூரணியிலும் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரின் எண்ணும் இருக்கட்டும். நின்றால் முதலில் அப்பாவை அனுப்பிவிட்டு அப்புறம் வண்டியைப் பாருங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை நீங்கள் மதுரை வரும்போது, அப்பாவை உள்ளே விட்டுவிட்டு, அந்த நான்கு மணி நேரத்தில் இந்த அளவெடுப்பை முடித்துவிடலாம். மருத்துவமனைக்கு வந்த சூடு அப்போது இன்ஜினில் அப்படியே இருக்கும். பக்கத்தில் இருக்கிற ஏதாவதொரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் திங்கட்கிழமையே பேசி வையுங்கள். ஜம்பர் கேபிளைப் பின் டிக்கியில் போடாதீர்கள், முன் சீட்டுக்குக் கீழே வையுங்கள், அப்பா படுத்திருந்தாலும் எழுப்பாமல் எடுக்கலாம். கறுப்புக் கிளிப்பை மாட்டியதும் செல்ப் சுற்றியதா இல்லையா என்பதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள் டீச்சர், காத்திருக்கிறேன்.